இடைவெளியைக் காணாத காமிரா

விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் காட்டும் கலை சென்ற அறுபது ஆண்டுகளில் வெகுவாக வளர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வளர்ச்சியின் பயன் எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே அளவில் கிட்டியிருக்கிறது என்று சொல்வதற்கில்லை. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஓர் ஆரம்பமும் முடிவும் உண்டு. டென்னிஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படியே. எப்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காமிராவுக்கு ஆட்டமே சொல்லிவிடுகிறது. மாரத்தானோ 42.195 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் ஓர் அரங்கத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, இடைவேளையின்றி நடப்பது. அதில் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் மாறுதல் பெரும்பாலும் ஆரவாரம் இல்லாமல், கிலோமீட்டருக்கு மூன்று நான்கு விநாடி என்ற கணக்கில், மெல்ல மெல்ல நிகழ்வது. அந்த மாறுதலை அது நிகழும்போதே பார்வையாளருக்குப் பிரத்தியட்சமாக்குகிறதா என்பதே ஒரு மாரத்தான் ஒளிபரப்பின் தராதரத்தை அளக்கும் பிரதான அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாம் வழக்கமாகக் காணும் ஒளிபரப்பின் முதற்குறை காமிரா நிற்கும் இடத்திலேயே தொடங்குகிறது. முன்னால் செல்லும் மோட்டார் சைக்கிளிலிருந்து, தொலைவை அருகாக்கும் லென்ஸின் வழியாக, ஓடிவருவோரை நேர்முகமாகப் படம் பிடிக்கும்போது முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, மூச்சின் வேகம் தெரிகிறது, வியர்வை தெரிகிறது. தெரியாமற் போவது ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையேயுள்ள தூரம் ஒன்றுதான். பத்து மீட்டர் பின்தங்கிவிட்டவரும் தோளோடு தோள் உரசி வருபவரைப் போலவே திரையில் தோன்றுகிறார். கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் என்ற வேகத்தில், அதாவது 2 மணி 6 நிமிஷம் 35 விநாடியில் ஓட்டத்தை முடிக்கும் வேகத்தில், ஒருவர் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறார். ஆகவே பத்து விநாடி என்பது ஐம்பத்தைந்து மீட்டர், ஒரு பெரிய கட்டடத்தின் நீளம். இதைப் பக்கவாட்டிலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ ஒருமுறை காட்டினால் சிறு குழந்தைக்கும் விளங்கிவிடும். அவ்வாறு காட்டாமல், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் நேரப் பட்டியலை மட்டும் திரையின் ஓரத்தில் ஓடவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. ஒரு பட்டியலுக்கும் அடுத்த பட்டியலுக்கும் நடுவே கால்மணி நேரம் கழிகிறது. அந்தக் கால்மணியில்தான் ஓட்டமே தலைகீழாகிறது.

மாரத்தான் ஒளிபரப்பின் சரித்திரத்தில் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்கு விசேஷமான இடம் உண்டு. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் ஓட்டம் முழுவதையும் நேரடியாக ஒளிபரப்பிய அந்த நாளில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா தன்னந்தனியாக முன்னே சென்று, இரண்டாவதாக வந்தவரைவிட நான்கு நிமிஷம் முன்னதாக வென்றார். அரங்குக்குள் இரண்டாவதாக நுழைந்தவர் ஜப்பானியரான கோகிச்சி ட்சுபுராயா. சொந்த நாட்டு மக்கள் கண்ணெதிரே, கடைசிச் சுற்றில், பிரிட்டனின் பாசில் ஹீட்லி அவரை முந்தினார். பார்த்தவர்களுக்கு அது திடீரென்று நேர்ந்த சம்பவமாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அந்த முந்துதல் வெளியே சாலையிலேயே தொடங்கிவிட்டது, அரங்குக்குள் நடந்தது அதன் கடைசிக் கட்டம் மட்டுமே. மறு ஆண்டு கொன் இச்சிகாவா அந்த ஒலிம்பிக்கைப் பற்றிய தம் திரைப்படத்தில் பிகிலாவின் முகத்தை நெடுநேரம் காட்டினார். முடிவு தெரிந்த பிறகு வெட்டித் தொகுக்கும் திரைப்படத்துக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, அது அழகும் கூட. ஆனால் நேரடி ஒளிபரப்பு அந்த முகத்தின் மோகத்திலேயே கட்டுண்டுவிட்டால், ஓட்டத்தின் மற்றப் பகுதிகள் யாரும் காணாமலே நடந்து முடிந்துவிடுகின்றன.

யாரும் காணாமல் நடந்ததன் விளைவு எவ்வளவு விபரீதமாகலாம் என்பதற்கு 1980ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானே சாட்சி. ரோஸி ரூயிஸ் என்பவர் பெண்களில் முதலாவதாக வந்ததாக அறிவிக்கப்பட்டு, மாலையும் சூட்டப்பட்டு, எட்டு நாள் கழித்து அந்தப் பட்டத்தை இழந்தார். அவர் பாதையின் பெரும் பகுதியை ஓடவே இல்லை. உண்மையில் வென்ற கனடாவின் ஜாக்குலின் காரோவுக்கு, வென்ற கணத்தின் ஆனந்தம் கிடைக்காமலே போயிற்று. பெண்களின் முன்னணியைத் தொடக்கம் முதல் தொடர்ந்து பார்த்துவரும் ஒரே ஒரு காமிரா அன்று இருந்திருந்தால் அந்த மோசடி ஒரு மணி நேரம்கூட நின்றிருக்காது. நியூயார்க்கில் 2002 முதலும் பாஸ்டனில் 2004 முதலும் முன்னணிப் பெண்கள் தனியே, ஆண்களுக்கு முன்பாகப் புறப்படத் தொடங்கிய பிறகு நிலைமை வெகுவாகச் சீர்பட்டது. ஆயினும் இரண்டு ஓட்டங்கள் ஒரே காலத்தில் சூடுபிடிக்கும்போது, பெண்களின் ஓட்டம் திரையின் ஒரு மூலைக்குத் தள்ளப்படுவது இன்னும் நின்றபாடில்லை. 2018இல் கொட்டும் மழையிலும் குளிர்ந்த எதிர்க்காற்றிலும் நடந்த பாஸ்டன் ஓட்டம் இரு பக்கமும் கவனத்தைக் கோரியது: ஒரு பக்கம் டெசிரே லிண்டன், தாம் அன்று முடிக்கப்போவதில்லை என்ற எண்ணத்தில் சக அமெரிக்கரான ஷாலேன் ஃபிளானகனுக்காகத் தாமதித்து, அவரை மறுபடி கூட்டத்தோடு சேர்த்துவிட்டுப் பின்னர் தாமே வென்றார், மறு பக்கம் யூகி கவாவுச்சி கடைசிக் கட்டத்தில் ஜெஃப்ரி கிருயியைப் பிடித்து முந்தினார். அத்தகைய நாளில் ஒரு விளம்பர இடைவேளை கதையின் ஒரு முழு அத்தியாயத்தையே கிழித்தெடுத்துவிடும்.

காமிராவின் குறையை வர்ணனை ஓரளவு நிவர்த்தி செய்யலாம். காமிரா காட்ட முடியாததை அறிவால் காட்டுவதே வர்ணனையாளரின் தொழில். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில், பெண்களுக்கென முதன்முதலாக நடந்த ஒலிம்பிக் மாரத்தானில், ஜோன் பெனாய்ட் ஐந்து கிலோமீட்டர் ஆவதற்குள்ளேயே கூட்டத்தை விட்டு விலகித் தனியே ஓடத் தொடங்கினார். அப்படிப்பட்ட சமயத்தில் அவருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சையின் கதையைச் சொல்வது சுலபம். ‘துணிச்சல்’ என்றும் ‘பைத்தியக்காரத்தனம்’ என்றும் வியப்பது அதைவிடச் சுலபம். விஷயம் தெரிந்தவர் சொல்ல வேண்டியது வேறு: முந்திய ஆண்டு பாஸ்டனில் அவர் 2 மணி 22 நிமிஷம் 43 விநாடியில் ஓடி உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் படைத்தவர், ஒலிம்பிக்கில் அவர் வென்ற நேரம் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடி, ஆகவே அவர் தம்முடைய சக்திக்கு மீறி ஓடவில்லை, பின்னால் தங்கியவர்கள்தாம் அவரைப் போகவிட்டார்கள். இந்தக் கணக்கை ஓட்டத்தின் நடுவிலேயே போட்டுக் காட்டும் வர்ணனையாளர் அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பார்வையாளரின் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்: பின்னால் வரும் கிரெட்டே வைட்ஸ் எப்போது துரத்துவார், துரத்தினால் போதுமான தூரம் மிஞ்சியிருக்குமா என்று அவர்களே கணக்கிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். 35ஆவது கிலோமீட்டரில் முப்பது விநாடி பின்தங்கியவர் எட்டிப் பிடிக்க வேண்டுமானால் மீதமுள்ள ஏழு கிலோமீட்டர் சொச்சத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரையும் நான்கு விநாடிக்கு மேல் வேகமாக ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் பேசாமல் இருப்பதுதான் வர்ணனையாளர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது. கச்சேரியில் ஆலாபனை விரியும்போது பக்கத்து ஆசனத்தில் ஓயாமல் ராகத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பவரைப் போல, ஓட்டம் தானே பேசும் இடத்திலும் அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

வர்ணனையாளருக்கு வேண்டிய அறிவும் அவரிடம் இருக்கக் கூடாத பற்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வெளிப்பட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1972இல் மியூனிக் ஒலிம்பிக் அரங்குக்குள் முதலில் ஓடிவந்தவர் ஓட்டத்தில் கலந்துகொள்ளாத ஒரு மாணவர். உண்மையான முதல்வரான ஃபிராங்க் ஷார்ட்டர் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வர்ணித்துக்கொண்டிருந்த எரிக் சீகல் நாவலாசிரியர், தாமே மாரத்தான் ஓடுபவர், ஷார்ட்டர் பயின்ற யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வந்தவர் ஷார்ட்டர் அல்லர், வேஷதாரி என்று கண்டுகொண்டு, ஷார்ட்டருக்கே கேட்கட்டும் என்பதுபோல் ஒலிவாங்கியில் கூவினார். தம் மனிதர்மேல் கொண்ட பாசம் அந்தக் குரலில் அடங்காமல் ததும்பியது. நடுநிலை என்ற இலக்கணத்துக்கு அது முற்றிலும் பொருந்தாது. ஆயினும், உணர்ச்சியே இல்லாத வர்ணனையாளரைவிட, ஓட்டத்தை உள்ளிருந்து அறிந்த காரணத்தால் கட்டுப்பாடிழந்த அவரையே நான் விரும்புவேன்.

லண்டன் மாரத்தானை அதன் முதல் ஆண்டான 1981 தொட்டு ஒளிபரப்பிவரும் பி.பி.சி.யின் நிறைகள் சாமானியமானவை அல்ல. பிரெண்டன் ஃபாஸ்டர், ஸ்டீவ் கிராம் போன்று தாமே பதக்கம் வென்றவர்கள் வர்ணித்ததால், ஓடுபவரின் தோள் இறுகுவதையும் காலடி குறுகுவதையும் முன்கூட்டியே கண்டு சொல்லும் கண் அந்த ஒளிபரப்புக்குக் கிடைத்தது. தர்ம காரியத்துக்காக நிதி திரட்டி ஓடும் சாதாரண மக்களின் வாழ்க்கையை அக்கறையோடு சொல்வதிலும் அதற்கு நிகரானவை குறைவு. புற்றுநோய்க்குத் தாயை இழந்த மகளும் பார்வையற்ற முதியவரும் ஓடுவது மாரத்தானுக்கு வெளியே உள்ள விஷயமல்ல, அதுவும் மாரத்தானே. குறை, அந்தக் கதைகளை எப்போது சொல்வது என்பதில் இருக்கிறது. முன்னணி ஓட்டம் இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மற்றவர்கள் அதன் பிறகும் பல மணி நேரம் வந்துகொண்டேயிருப்பார்கள். அவர்களுக்கென்று அவ்வளவு காலம் காத்திருக்கும்போது, 30ஆவது கிலோமீட்டருக்கும் 40ஆவதுக்கும் நடுவே முன்னணியை விட்டு வேடிக்கை வேடமணிந்து ஓடும் சாதாரண மக்களிடம் ஓடுவதில் என்ன நியாயம்? 2023இல் அதே லண்டனில் முதன்முறையாக மாரத்தான் ஓடிய சிஃபான் ஹசன், இடுப்பு வலியால் நின்று உடலை வளைத்துச் சரிசெய்துகொண்டு, வெகுவாகப் பின்தங்கி, பிறகு ஒவ்வோர் அடியாகத் தூரத்தைக் குறைத்து முன்னணியைப் பிடித்து, 2 மணி 18 நிமிஷம் 33 விநாடியில், இரண்டாமவரைவிட நான்கே விநாடி முன்னதாக வென்றார். அந்த ஓட்டத்தின் சாரம் கடைசி இருநூறு மீட்டரில் இல்லை. அவர் தனியே, எவரும் நம்பாத தூரத்தில், துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் இருக்கிறது. முன்னால் செல்பவரின் முகத்தைவிடத் துரத்துபவரின் காலடியே செய்தியாகும் வேளைகள் உண்டு.

இந்த உண்மையை நன்றாக உணர்ந்தவர்கள் ஜப்பானியர் என்று தோன்றுகிறது. மாரத்தான் அல்லாவிட்டாலும் அதன் நெருங்கிய உறவான ஹகோனே எகிடென் என்னும் பல்கலைக்கழக அஞ்சல் ஓட்டம், ஜனவரி 2, 3 ஆகிய இரு நாட்களில், டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குச் சென்று திரும்புவது. 1920இல் தொடங்கிய இதை 1987 முதல் நிப்பான் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிவருகிறது. அணிக்குப் பத்துப் பேர். ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு ஒரு துணிப்பட்டை கைமாறுகிறது. முதல் பத்து இடங்களில் வரும் அணிகளுக்கு அடுத்த ஆண்டு தகுதிப் போட்டியின்றி இடம் உண்டு என்பதால், முதலிடத்துக்கு நடக்கும் போட்டியைக் காட்டும் அதே சிரத்தையோடு பத்தாவது, பதினோராவது இடத்துக்கான போட்டியையும் காட்டுகிறார்கள். குறித்த நிமிஷங்களுக்கு மேல் பின்தங்கிய அணியின் அடுத்த வீரர், வருபவருக்காகக் காத்திராமல் புறப்பட்டாக வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் பட்டையோடு ஒருவர் ஓடிவர, இவர் அதை வாங்காமலே கிளம்பும் காட்சியில் இடைவெளி என்பது எண்ணாக நிற்காமல் எல்லோர் கண்ணெதிரிலும் நிகழ்ந்துவிடுகிறது. கண்ணீரை அளவுக்கு மீறிக் காட்டுவதும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு குடும்பக் கதை கட்டுவதும் அதன் குறைகள். எனினும், ஓட்டத்தின் எந்தப் பகுதியில் எது நிர்ணயமாகிறது என்பதை அது ஒருபோதும் மறப்பதில்லை.

துன்பத்தைக் காட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1984இல் அதே லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டத்தில் சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலின் கொடுமையால் உடல் கோணி, அரங்கின் கடைசிச் சுற்றை ஏறத்தாழ ஆறு நிமிஷம் தள்ளாடிக் கடந்ததை உலகமே பார்த்தது. மருத்துவர்கள் அவரைத் தடுக்காததற்குக் காரணம் இருந்தது: அவர் உடலில் இன்னும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, ஆகவே உடலின் வெப்பச் சமநிலை முற்றிலும் குலையவில்லை என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஒரு தகவலைச் சொன்னால் பார்ப்பவர் அவரது உறுதியைப் புரிந்துகொள்வார். சொல்லாவிட்டால் ஒரு மனித உயிரின் வதையைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 36ஆவது கிலோமீட்டரில் நின்றுபோய்ச் சாலையோரத்தில் அழுதுகொண்டிருந்த பாலா ராட்கிளிஃபைக் காமிரா விடாமல் பற்றிக்கொண்டதில் அத்தகைய அறிவு எதுவும் சேரவில்லை. முன்னே மிசுகி நொகுச்சியின் வெற்றி இன்னும் முடிவாகாத நேரம் அது.

பின்னால் வருபவர்களைக் காட்ட வாகனமும் செலவும் வேண்டுமே என்று ஒளிபரப்பாளர் சொல்வது ஒரு காலத்தில் நியாயமான சமாதானம். மோட்டார் சைக்கிளின் படத்தை ஹெலிகாப்டர் வாங்கி அனுப்பியே தீரவேண்டும், மேகம் கவிந்தால் படமே இல்லை என்ற நிலை அன்று இருந்தது. வாகனங்கள் பெருகினால் ஓடுபவருக்கே ஆபத்து என்பதும் மெய்தான். 2017இல் வெனிஸில் வழிகாட்டிய மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்து முன்னணியினர் பாதையை விட்டே விலகிப்போனார்கள். ஆனால் இன்று கைபேசி வலையமைப்பின் வழியாகவே படம் அனுப்ப முடிகிறது; ஓடுபவர் ஒவ்வொருவரின் மீதும் நேரத்தைப் பதிவுசெய்ய உதவும் சிப் இருக்கிறது; அது பதிவாகும் இடங்களை ஐந்து கிலோமீட்டருக்குப் பதில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்கத் தடையில்லை. முதல்வருக்கும் துரத்துபவருக்கும் உள்ள விநாடிக் கணக்கைத் திரையில் விடாமல் நிறுத்தி, துரத்துபவரிடம் ஒரு மோட்டார் சைக்கிளைப் பாதையின் ஓரமாகக் கடைசி வரை வைத்திருந்து, 30ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு விளம்பரமும் பேட்டியும் இல்லாமல் ஒரே ஒரு பெரிய நகர மாரத்தானை ஒளிபரப்பாளர்கள் காட்டட்டும். பெண்களின் ஓட்டத்தில் இதை முதலில் செய்தால் இன்னும் நல்லது.