ஆற்றுப்படலம் இல்லாத நகரப்படலம்

கம்பர் தம் காப்பியத்தை அயோத்தியின் மதிலிலிருந்து தொடங்கவில்லை. பாலகாண்டத்தில் ஆற்றுப்படலம் முன்னே நிற்கின்றது. நாட்டுப்படலம் அதனை அடுத்து வருகின்றது. நகரப்படலத்துக்கு மூன்றாவது இடமே கிடைக்கின்றது. சரயு மலையில் பிறந்து, ஒரு நிலத்தின் பொருளை மற்றொரு நிலத்தில் கொண்டு சேர்த்து, வயலிலும் பொய்கையிலும் சோலையிலும் புகுந்த பின்னரே மாடமும் கோபுரமும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது ‘இது காப்பிய மரபு’ என்று ஒரு சொல்லில் கூறி மேலே செல்லும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. அது பொருந்துமா? பெருங்காப்பியத்தில் வருணிக்கத் தக்கவை இவை என்று தண்டியலங்காரம் எண்ணிக் காட்டும் இடத்தில் மலை உண்டு, கடல் உண்டு, நாடும் நகரும் பருவமும் உண்டு, ஞாயிறு திங்களின் தோற்றமும் உண்டு. ஆற்றுக்கு அங்கே தனி இடம் இல்லை. ஆதலின், ஆற்றை முதலில் வைத்தது இலக்கண நூலின் கட்டளைக்கு அடங்கியதனால் அன்று. பட்டினப்பாலையையும் நோக்கலாம். பெயரிலேயே பட்டினம் உடைய பாட்டு அது; 301 அடிகளை உடையது. கடல்வழி வந்த குதிரையும், வண்டியில் வந்த மிளகும், பல மொழி பேசுவோர் கலந்து வாழும் கடற்கரைத் தெருவும் அதில் வருகின்றன. ஆயினும் உருத்திரங்கண்ணனார் மழை தவறிய காலத்தும் தவறாத காவிரியைக் கூறிய பிறகே அவற்றுக்கு வருகின்றார். நகர் என்பது ஆறு ஈன்ற பொருள் என்ற தெளிவு இப்புலவர்களுக்கு இருந்தது. தாயைக் கூறாமல் பிள்ளையை அறிமுகப்படுத்த அவர்கள் விரும்பவில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸை அளந்து பார்க்க வேண்டிய காலம் வந்துள்ளது. இன்று அவ்வூர் சுற்றுலாப் பயணிகளுக்காகவே மீண்டும் மீண்டும் ஒப்பனை செய்யப்படுகின்றது. மேடைக் கவிதையிலும், மலர்க் கட்டுரையிலும், மாணவரின் ‘நான் கண்ட லிட்டல் இந்தியா’ என்னும் பயிற்சியிலும் அவ்வொப்பனையே பாடுபொருளாகின்றது. துன் சம்பந்தன் சாலையின் வண்ண வளைவுகள், பூக்கடைகள், புடவைக் கடைகள், பலகாரக் கடைகள், தீபாவளிக் கூட்டம் என வரிசை நீளும். ஊரின் முதுகுப்புறம் கிள்ளான் ஆறு ஓடுகின்றது என்ற ஒரு வரி மட்டும் அங்கே இராது. இருந்தாலும், பாலத்தைப் பற்றிய குறிப்பாகவே இருக்கும்.

ஆனால், அவ்வூரின் கதை நீரில்தான் தொடங்குகின்றது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீக்கும் பின்னர் வெள்ளத்துக்கும் இரையாயிற்று. மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுந்த ஊர் இரண்டையும் தாங்கவில்லை. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்றார். அதற்கான செங்கல்லை அறுத்துச் சூளையிட, கப்பித்தான் யாப் ஆ லோய் தேர்ந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பக்கம் இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. பின்னர்ப் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் இங்கே பெருகின. தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் வந்து தங்கினர். வெள்ளத்துக்கு ஒரு நகர் சொன்ன விடையாகப் பிறந்த ஊர் இது! மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் கட்டடம் நிற்கும் தெருவுக்கு இன்றும் ஜாலான் தெபிங் என்றே பெயர். தெபிங் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கரை என்பது பொருள். ஊர் மறந்ததைத் தெருப்பலகை நினைவில் வைத்திருக்கின்றது.

லிட்டல் இந்தியா என்னும் பெயருடன் புதிய பிரிக்பீல்ட்ஸ் 2010 அக்டோபரில் திறக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் அவ்விழாவில் இருந்தனர். 2015 நவம்பரில் சாஞ்சித் தூபியின் வாயிலை ஒத்த தோரண வாயில் ஒன்று, இந்தியாவின் அன்பளிப்பாக, நரேந்திர மோடி வந்தபோது திறந்து வைக்கப்பட்டது. டிராவர்ஸ் சாலை சந்திக்கும் முனையில் யானை உருவங்களோடு ஒரு நீரூற்று அமைந்தது. இவை அனைத்தும் வேண்டாதவை என்று கூறுவது அறமாகாது. தமிழ் வணிகர்க்குத் தலைநகரின் நடுவில் பெயர் சொல்லும் ஓர் இடம் கிடைத்தது. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த மக்களின் பிள்ளைகள் அங்கே கடை வைத்துள்ளனர். வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரும் வெளிநாட்டார் அக்கடைகளுக்கு வருவாய் தருகின்றனர். வருவிருந்தை வெறுப்பது தமிழர் பண்பும் அன்று. குறை வேறு இடத்தில் உள்ளது. நீரூற்று வேறு, ஆறு வேறு. நீரூற்றுக்கு ஒரு விசை உண்டு. மாலையில் திறக்கலாம், நள்ளிரவில் மூடலாம். ஆற்றுக்கு அத்தகைய விசை இல்லை. நகரை அமைத்தோர் நீரை ஒப்பனையாகக் கொண்டு, அது ஓர் ஆற்றல் என்பதை மறந்தனர் என்பதே இந்த நகரப்படலத்தின் முதற்குறை.

ஒப்பனையைப் பற்றித் தமிழ்க் காப்பியம் பேசாமல் இல்லை. மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. புகாரில் 28 நாள் இந்திரவிழா நிகழவிருப்பதை முரசறைவோன் நகருக்கு அறிவிக்கின்றான். தோரணம் கட்டிய தெருக்களில் நிறைகுடம் வைக்கவும், பாவை விளக்கு ஏற்றவும், கமுகும் வாழையும் கரும்பும் பூங்கொடியும் நடவும் சொல்கின்றான். அவற்றோடு இன்னொன்றும் சொல்கின்றான்: தெருக்களிலும் மன்றங்களிலும் கிடக்கும் பழைய மணலை நீக்கிப் புதிய மணலைப் பரப்ப வேண்டுமாம். உரை கூறுவோர் பலர் இதனைத் தூய்மை என்ற அளவில் விட்டுவிடுகின்றனர். ஆனால், மணல் பரப்பிய தெரு மழையைக் குடிக்கும். நட்ட வாழை விழா முடிந்ததும் மண்ணுக்கே திரும்பும். விழா எடுத்த நகரின் நிலம் விழாவுக்குப் பின்னும் மூச்சு விட்டது.

இன்றைய தோரணம் இரும்பும் சிமெண்டும் பிளாஸ்டிக்கும் ஆனது. தெருவோ தார் பூசிக் கல் பதித்தது. கூரையிலும் சாலையிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றி, முழுதும் ஒரே நேரத்தில் வடிகாலுக்கு ஓடுகின்றது. வடிகாலின் வாய் ஆற்றில் உள்ளது. ஆற்றில் நீர் உயர்ந்து நிற்கும் வேளையில் அவ்வாய் அடைபடும். வடிகால் நீர் தெருவுக்கே மீளும். திடீர் வெள்ளம் என்று செய்தித்தாள் எழுதுவது இதனைத்தான். அதில் திடீர் என்பதற்கு இடமில்லை. பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டி முடித்த வெள்ளம் அது. பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி விடுதிகளும் அலுவலக மாடங்களும் பெருகின. 2014இல் பெரிய அங்காடி ஒன்றும் சேர்ந்தது. பயணிகளுக்கு இவை வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால், அவ்வசதிகளோடு கூரையின் பரப்பும் வளர்ந்தது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். புகாரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை கூறும் காரணம் என்ன? பீலிவளை ஈன்ற மகனைக் கப்பல் உடைந்த இரவில் இழந்த நெடுமுடிக்கிள்ளி, அத்துயரில் இந்திரவிழாவை எடுக்க மறந்தான். அதனால் நகர் அழிந்தது என்கின்றார் சாத்தனார். அப்படியாயின் விழா எடுப்பதே நகருக்குக் காப்பு ஆகாதா? லிட்டல் இந்தியாவில் ஆண்டு முழுதும் விழாக்கோலம் இருப்பது நல்லதன்றோ? தடை வலிமையானதே. விடை விழாவறை காதையிலேயே கிடைக்கின்றது. அவ்விழாவில் நகரின் ஒவ்வொரு தெருவும் ஆண்டுக்கு ஒருமுறை பெருக்கப்பட்டது, மணல் மாற்றப்பட்டது, பழுது பார்க்கப்பட்டது. மழை பெய்து வளம் சுரக்க வேண்டும் என்ற வேண்டுதலும் முரசோடு சேர்ந்தே ஒலித்தது. விழாவை மறந்த நகர் தன்னைப் பேணுவதையும் மறந்த நகர். சாத்தனார் சாபம் என்று கூறியதை இன்றைய வாசகர் பேணாமை என்று படித்தால் காப்பியத்துக்கு இழுக்கு வாராது. பேணுதலை விட்டுவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்ட விழா எந்தக் கடலைத் தடுக்கும்?

நகரைக் காக்க எதுவுமே செய்யப்படவில்லை என்பதும் உண்மையன்று. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் 1971 சனவரி வெள்ளத்தையும் கண்ட தலைநகர் அது. 2007இல் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 9.7 கிலோமீட்டர். மழை மிகும்போது மேற்பகுதியில் பெருகும் நீரை நகரின் நடுவே விடாமல் நிலத்தடியில் திருப்பிவிடும். கடும் மழையில் அதனுள் உள்ள சாலையையும் மூடிவிட்டு முழுச் சுரங்கமும் நீருக்கே தரப்படும். வியக்கத்தக்க பொறியியல்! ஆயினும், ஊரின் தலைமேலேயே கொட்டும் மழைக்கு அது மருந்தன்று. 2021 டிசம்பர் 18ஆம் நாளை ஒட்டிப் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் பகுதியும் மூழ்கின. வீட்டின் மேல்மாடியிலும் கூரையிலும் மக்கள் படகுக்குக் காத்து நின்றனர். அங்கே மூழ்கியவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. 2022 மார்ச் 7இல் தலைநகரின் தெருக்களே நீரில் நின்றன.

2011இல் ‘வாழ்வின் ஆறு’ என்னும் பொருளுடைய பெயரில் ஒரு பெருந்திட்டம் வந்தது. கிள்ளான், கோம்பாக் ஆறுகளையும் துணையாறுகளையும் தூய்மை செய்வதும், கரையை அழகு செய்வதும், கரையோர நிலத்தை வளர்ப்பதும் அதன் மூன்று கூறுகள்; மதிப்பீடு 440 கோடி வெள்ளி. 2017இல் மஸ்ஜித் ஜாமெக் அருகே இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் நீல விளக்கும் செயற்கைப் பனிப்புகையும் திறக்கப்பட்டன. பயணிகள் படம் எடுப்பது அங்கேதான். அதே திட்டத்தில் சந்தைக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களும் குப்பையைத் தடுக்கும் பொறிகளும் அமைந்தன. அவற்றை எவரும் படம் எடுப்பதில்லை. திறனாய்வாளன் நோக்கில் அக்கழிவுநீர் நிலையமே கம்பரின் ஆற்றுப்படலத்துக்கு நெருங்கியது. பனிப்புகை வெறும் அணி. பொருள் இல்லாத அணியை எந்த இலக்கண ஆசிரியர் பாராட்டினார்?

யார் இதனைப் பேணுவது என்ற வினாவுக்கும் திருவிளையாடலில் ஒரு வழி உள்ளது. வையை கரை உடைத்தபோது பாண்டியன் கரையை அளந்து குடிக்கு ஒரு பங்காக விட்டான். பிட்டு விற்று வாழ்ந்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு வந்தது. ஆள் இல்லாத அவளுக்காக இறைவன் கூடை சுமந்தான். பக்திக் கதையாகவே இதனைப் படிக்கின்றனர். ஆட்சிமுறையாகவும் படிக்கலாம்: ஆற்றங்கரையில் பங்கில்லாத குடி மதுரையில் இல்லை. அதே பிட்டு பிரிக்பீல்ட்ஸில் மூங்கிற்குழாயில் அவிந்து பயணிகளின் கைக்கு வருகின்றது. கரையின் பங்குதான் யார் கைக்கும் வரவில்லை. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் விடுதி அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி தண்டப்படுகின்றது. அதன் நோக்கம் சுற்றுலாவை வளர்ப்பது. ஆற்றை விட்டுச் சுற்றுலா வளராது என்பதை ஏற்றால், அவ்வரியில் ஒரு பகுதி வடிகாலுக்கும் மழைநீர் தேங்கும் குளத்துக்கும் தெருமரத்துக்கும் போவதில் முறைகேடு இல்லை. விடுதி முதலாளிக்கும் உணவுக்கடைக்காரருக்கும் கோயிலுக்கும் கரையில் இன்ன பங்கு என்று மாநகர் மன்றம் அளந்து விடுவதிலும் இல்லை.

இவ்வூர் மக்களுக்கு எழுந்து நிற்கத் தெரியாது என்பதற்கில்லை. 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமத்தின் வளாகத்தில் உயர்மாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் 2014இல் வெளியானபோது எதிர்ப்பு வலுத்தது. கட்டடம் பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்பட்டது. செங்கல்லுக்காக எழுந்த அதே அளவு குரல் அச்செங்கல்லைத் தந்த கரைக்காக எழக் காணோம். புலவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆசிரமத்தின் மேல் கவிதை உண்டு, கட்டுரை உண்டு. கிள்ளான் ஆற்றின் மேல் தமிழில் எத்தனை உண்டு? வையை ஒன்றற்கே பரிபாடலில் எஞ்சிய 22 பாடல்களில் எட்டு உள்ளன. வெள்ளத்தின் அழகையும் கரை உடையும் அச்சத்தையும் அவை மறைக்காமல் ஒருங்கே பாடுகின்றன.

ஆறு கோலாலம்பூரோடு நின்றுவிடுவதில்லை. பிரிக்பீல்ட்ஸைக் கடந்து, பெட்டாலிங் ஜெயாவின் ஓரமாகவும் ஷா ஆலம் வழியாகவும் வளைந்து, கிள்ளான் நகருக்கு வந்து சேர்கின்றது. அங்கே ஜாலான் தெங்கு கிளானாவில் மற்றொரு லிட்டல் இந்தியா. அதே பூக்கடை, அதே புடவைக்கடை. 2019இல் கடலுக்குச் செல்லும் குப்பையை மறிக்க, நெதர்லாந்து நிறுவனம் ஒன்று வடிவமைத்த மிதவைக்கலம் கிள்ளான் ஆற்றில் பணியில் அமர்த்தப்பட்டது. நீரோட்டம் தள்ளிவரும் பொருள்களை அது பட்டையில் ஏற்றித் தொட்டியில் கொட்டும். மேலே எந்த ஊரின் தோரணம், எந்த ஊரின் நெகிழிக் குவளை என்று அத்தொட்டியில் பிரித்தறிய முடியாது.