ஓராண்டுத் தலைவர்கள்

ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் காற்றாடும். அந்த நாட்களில் புதுச்சேரியில் மண்டபக்காரர்களுக்கு வாடகை தந்து காப்பாற்றுகிறவர்கள் சேவைச் சங்கத்தார்தான். ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அதனால் ஜூலை பிறந்ததும் ஊரெங்கும் பதவியேற்பு விழாக்கள். பெரியவர்களின் விழா முடிந்த கையோடு அவர்களுடைய இளைஞர் அமைப்பான ரோட்டராக்டின் முறை வரும். காலர் கைமாறும், மணி கைமாறும், புதுத் தலைவர் ஏற்புரை வாசிப்பார், சால்வைகள் மடித்தபடியே ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகும். பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை நூறு பேர் முன்னால் ‘தலைவர்’ என்று அழைக்கப்படுவது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் அந்தத் தலைவரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதல் ரோட்டராக்ட் மன்றம் 1968 மார்ச் 13இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரில் தொடங்கியது. பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்குச் சேவை வழியாகத் தலைமைப் பயிற்சி தருவது நோக்கம். லயன்ஸ் சங்கத்துக்கு லியோ மன்றங்கள் எப்படியோ அப்படித்தான் ரோட்டரிக்கு இது. புதுச்சேரியின் கிராமப்புறம் இதற்கு வாகான நிலம். ஆரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் நெல்வயல்களுக்கு நடுவே மருத்துவக் கல்லூரிகள் எழுந்து நிற்கின்றன. பொறியியல், செவிலியர், கலைக் கல்லூரிகளும் வில்லியனூர், பாகூர் என்ற கொம்யூன்களுக்குள்ளேயே, அதாவது உள்ளாட்சிப் பகுதிகளுக்குள்ளேயே, இருக்கின்றன. கல்லூரி இருக்கும் இடத்தில் இப்படி ஒரு மன்றத்துக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்துபோகும் பெண்ணுக்கு, ஊரில் நாலு பேர் கூடும் இடத்தில் பேச வாய்ப்பே கிடையாது. கோயில் கூட்டமோ ஊர்ப் பஞ்சாயத்தோ, அவள் நிற்கும் இடம் வாசற்படிக்கு வெளியேதான். மன்றத்தில் அவள் செயலாளராகலாம். கூட்ட அழைப்பு எழுதவும், தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றவும், தாமதமாக வரும் சிறப்பு விருந்தினருக்காக அவையைச் சமாளிக்கவும், மைக் செட்காரரிடம் பேரம் பேசவும் கற்றுக்கொள்கிறாள். இவற்றை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தருவதில்லை. தாய் அமைப்பான ரோட்டரிக்கே 1989இல்தான் பெண்களை உறுப்பினராக்கும் விதி வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் பிள்ளைதான் தாய்க்கு முன்னால் நடந்திருக்கிறது.

தாய் அமைப்பின் பெயருக்கும் மதிப்புண்டு. போலியோவை ஒழிக்கும் முயற்சியை ரோட்டரி 1985இல் தொடங்கியது; இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றதன் பலன் அது. அந்த நீண்ட மூச்சில் ஒரு துளிகூட இளைஞர் மன்றங்களின் அமைப்புக்குள் இறங்கவில்லை என்பதுதான் என் குறை.

ரத்ததான முகாமை எடுத்துக்கொள்வோம். இந்த மன்றங்கள் மிக நன்றாகச் செய்யும் வேலை அதுதான். காலையில் ரத்த வங்கி வண்டி வந்து நிற்கும். எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் வரிசை மளமளவென்று நகரும். பெண்கள் வரிசையில் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ‘உனக்கு ரத்தம் பத்தாதும்மா’ என்று ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்புவார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆகவே இதில் வியப்பில்லை. வியப்பு பிறகு நடப்பதில்தான். மன்றத்தின் அறிக்கையில் எத்தனை யூனிட் சேர்ந்தது என்ற எண் ஏறும், பேனர் முன்னால் எடுத்த படம் ஏறும். திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எந்தக் கட்டத்திலும் ஏறமாட்டார்கள். அந்த ஊருக்குத் தேவையான வேலை அந்தத் திரும்பிப் போன வரிசையில்தான் இருந்தது. அவர்களைப் பட்டியலிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரைக்கு வழி செய்து, சில மாதம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்த்தால் அது சேவை. மருத்துவ மாணவர்களே உறுப்பினராக இருக்கும் கொம்யூனில் இது முடியாத காரியமா? முடியும். ஆனால் அடுத்த வாரம் மரக்கன்று நடும் விழா இருக்கிறது, அதற்கடுத்த வாரம் மாவட்ட ரோட்டராக்ட் பிரதிநிதியின் வருகை இருக்கிறது.

இளைஞர்களுக்குச் சிரத்தை இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கோளாறு பதவிக்காலத்தில் இருக்கிறது. ஓராண்டுத் தலைவர் ஓராண்டுக்குள் காட்டக்கூடிய வேலையைத்தான் தேர்ந்தெடுப்பார். அதிலும் ஜூலையில் பதவியேற்றவருக்கு நவம்பரில் செமஸ்டர் தேர்வு, ஏப்ரல் வாக்கில் மறுபடி தேர்வு. நடுவில் தீபாவளி, பொங்கல், மழை. கையில் மிஞ்சுவது ஐந்தாறு மாதம். பாகூர் ஏரியின் கதையைப் பார்த்தால் இந்தக் கால அளவின் கேலி புரியும். தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கும் ஏரி அது. புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளில் ஊசுடு ஏரிக்கு அடுத்து பெரியது. அதன் ஒரு மதகைப் பற்றிப் பேச வேண்டுமானால் பொதுப்பணித் துறை, பாசன விவசாயிகள், மீன் குத்தகைதாரர், கொம்யூன் அலுவலகம் என்று நாலு வாசல் ஏற வேண்டும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், மறுபடி ஒரு கோடை என்று பார்த்தால்தான் எங்கே மண் சேருகிறது, எங்கே கரை கசிகிறது என்று தெரியும். ஓராண்டுத் தலைவர் என்ன செய்வார்? ஏரிக்கரையில் கன்று நடுவார், பிளாஸ்டிக் பொறுக்குவார். அடுத்த தலைவரும் அதே கரையில் நடுவார், பொறுக்குவார்.

ஓராண்டுப் பதவி என்பது ரோட்டரியிலிருந்து வந்த வழக்கம். பெரியவர்களுக்கு அது பொருந்தும். பாஸ்ட் பிரசிடெண்டுகள் இருபது ஆண்டு அதே சங்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சங்கத்தின் ஞாபகம் அவர்கள் தலையில் இருக்கிறது. கல்லூரி மன்றத்தின் பாஸ்ட் பிரசிடெண்ட் மறுவருடம் சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பார், இல்லாவிட்டால் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார். ஞாபகம் தங்காத இடத்துக்கு அந்த விதியை அப்படியே இறக்கியதன் பலன், ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்கும் ஒரு மன்றம்.

இனி தாய் அமைப்பின் பக்கம். ரோட்டராக்டை ஒரு ‘திட்டம்’ என்ற நிலையிலிருந்து உயர்த்தி உறுப்பினர் அமைப்பாக ஏற்கும் முடிவை ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் 2019இல் எடுத்தது. 2020 ஜூலை முதல் முப்பது வயது என்ற மேல்வரம்பு போனது, ஒரு ரோட்டரி சங்கம் ஆதரித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போனது. 2022 ஜூலை முதல் கட்டணம் வந்தது: கல்லூரி மன்றமானால் ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், ஊர் மன்றமானால் 8 டாலர். பெரிய தொகை இல்லைதான். நம் கணக்கில் ஐந்து டாலர் நானூறு ரூபாய்க்கு மேல். அப்பா கட்டட வேலைக்குப் போகும் வீட்டில், பஸ் பாஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பிறகு கேட்க வேண்டிய நானூறு ரூபாய் அது. பிள்ளை கேட்கத் தயங்கும். கல்லூரியோ ஆதரவு தரும் சங்கமோ மொத்தமாகக் கட்டிவிட்டால் காரியம் நடந்துவிடும், ஆனால் பணம் கட்டியவரின் குரலுக்குத்தான் கூட்டத்தில் எடை இருக்கும். கட்டணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. சொந்தக் காசு போட்ட சங்கத்தில்தான் கணக்குக் கேட்கும் துணிவு வரும். ஆனால் கட்டணம் வந்த வேகத்தில் அதிகாரம் வரவில்லை. ரோட்டரி மாவட்டத்தின் பணம் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்று முடிவாகும் மேசையில் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு எத்தனை நாற்காலி இருக்கிறது? விழா மேடையில் நிறைய உண்டு.

மேல்வரம்பு போனாலும் அடுத்த படியில் ஒரு சிக்கல். படிப்பு முடித்தவர் ரோட்டரிக்குப் போகலாம் என்பது ஏட்டில் உள்ள பாதை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயதுக்காரர் ஓட்டலில் இரவு உணவோடு நடக்கும் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் எப்படிப் போவார்? போனாலும் அங்கே ஆலை முதலாளியும் மருத்துவரும் ஆடிட்டரும் இருப்பார்கள், ‘வாப்பா, நாற்காலி எல்லாம் போட்டாச்சா’ என்றுதான் பேச்சு தொடங்கும். அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த அன்பைத் தாண்டி ஒருவர் சக உறுப்பினராவது எளிதல்ல. தாய் அமைப்பே இல்லாமல், பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் ஜேசீஸில் இந்த உறவுச் சிக்கல் கிடையாது. அங்கே வேறு சிக்கல்கள். அது வேறு கட்டுரை.

இந்தக் கொம்யூன்களில் மன்றம் என்றால் ரோட்டராக்டை நினைப்பவர்கள் குறைவு. மன்றம் என்றால் இளைஞர் நற்பணி மன்றம். மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, ஒரு கேரம் போர்டு, கபடியில் வாங்கிய கோப்பைகள், சுவரில் ஒரு தலைவர் படமோ நடிகர் படமோ, இரண்டும் சேர்ந்தோ. காணும் பொங்கலுக்கு உறியடியும் வழுக்கு மரமும் கோலப்போட்டியும் இவர்கள் பொறுப்பு. இவர்களுக்கும் ஒரு தாய் அமைப்பு உண்டு. 1972இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா மன்றங்களைப் பதிவு செய்தது, விளையாட்டுப் பொருள் கொடுத்தது, பயிற்சி முகாம் நடத்தியது. 2023 அக்டோபர் 31இல் மத்திய அரசு தொடங்கிய ‘மேரா யுவ பாரத்’ தளம் அதன் முகத்தை மாற்றியிருக்கிறது. இப்போது அழைப்பு தனி இளைஞனின் கைப்பேசிக்கு வருகிறது. அவன் பதிந்துகொள்ளலாம், சான்றிதழ் இறக்கிக்கொள்ளலாம். ஆஸ்பெஸ்டாஸ் அறைக்கு அதில் வேலை குறைவு.

அந்த அறையின் அருமை புயலில்தான் தெரியும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்து ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் இறங்கி பாகூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட இரவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறாள், எந்தத் தெரு முதலில் முழுகும், யாரிடம் டிராக்டர் இருக்கிறது என்பதெல்லாம் நற்பணி மன்றத்துப் பையன்களுக்குத்தான் தெரியும். மருந்தும் பணமும் போர்வையும் திரட்டும் வலு நகரத்துச் சங்கத்துக்குத்தான் உண்டு. வில்லியனூர்த் தேரோட்டத்தில் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. படத்தில் வருவது வடம் பிடித்தவர். திருப்பத்தில் தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். ஊர் மன்றங்கள் முட்டுக்கட்டைக்காரர்கள்.

அதற்காக ஊர் மன்றத்தைத் தலையில் வைத்துக் கொண்டாட முடியாது. அங்கே பெண் உறுப்பினர் அபூர்வம். கோலப்போட்டிக்குப் பரிசு வாங்க வருவதோடு அவர்கள் பங்கு முடிகிறது. ஊருக்கு ஒரு மன்றம், காலனிக்கு ஒரு மன்றம். பெயர்ப் பலகையைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். தலைவர் மாறாமல் முப்பத்தெட்டு வயது வரை ‘இளைஞர்’ ஆகவே இருப்பார், தேர்தல் வந்தால் மன்றத்தோடு சேர்ந்து ஏதாவது ஒரு கட்சிக்குப் போவார். கணக்கு நோட்டு அவர் வீட்டில் இருக்கும். ரோட்டராக்டில் சாதி பார்த்து உட்கார்வதில்லை, பெண் தலைவராகிறாள், கணக்கு தணிக்கைக்கு வருகிறது. ஆக ஒன்றிடம் முறை இருக்கிறது, ஊர் இல்லை. மற்றதிடம் ஊர் இருக்கிறது, முறை இல்லை.

இரண்டையும் சேர்க்க ரோட்டரியிடமே ஒரு வழி இருக்கிறது. 1986இல் ‘கிராமப் படை’ என்று தொடங்கி, இன்று ரோட்டரி சமுதாயக் குழு என்று வழங்கும் ஏற்பாடு அது. ரோட்டரி உறுப்பினராக இல்லாத ஊர்க்காரர்களே தங்கள் ஊர் வேலையைத் தீர்மானித்துச் செய்யும் குழு. உலக அமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர் பிலிப்பைன்ஸ்காரரான கபாரஸ். கிராமம் நிறைந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு ஓட்டல் ஹாலின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். பாகூரில் ஒரு கல்லூரி மன்றமும் இரண்டு மூன்று ஊர் மன்றங்களும் இப்படி ஒரு குழுவில் உட்கார்ந்து, ஒரு வேலையை, ரத்தசோகையோ ஒரு மதகோ, மூன்று ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். தலைவர் ஆண்டுதோறும் மாறட்டும். வேலையின் பொறுப்பாளர் மாற வேண்டாம். பணத்தைச் செலவிடும் முடிவு அந்தக் குழுவிடமே இருக்கட்டும். நகரத்துச் சங்கம் கணக்கு மட்டும் கேட்கட்டும். அவர்கள் ஒரு முடிவில் தோற்றால் தோற்கட்டும். தோற்க அனுமதி இல்லாத இடத்தில் கற்பது மேடைப் பேச்சு மட்டும்தான்.

இதெல்லாம் சரிவந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: பயிற்சி பெற்றவர் எங்கே போவது? பிரெஞ்சுக்காரர்கள் 1880இலேயே கொம்யூன் ஆட்சியை உண்டாக்கிய பூமி இது. 1968இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டு கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் ஆட்கள் வந்தார்கள், 2011இல் காலம் முடிந்து போனார்கள். 2021இல் அறிவித்த தேர்தல் இடஒதுக்கீட்டு வழக்குகளில் நின்றது. இருபத்தொரு வயதில் வார்டு உறுப்பினராகலாம் என்று சட்டம் சொல்கிறது. 2011இல் பத்து வயதாக இருந்த வில்லியனூர்ப் பிள்ளை இருபதுகளுக்கு வந்து சேர்ந்த பின்னும் அப்படி ஒரு நாற்காலியில் மறுபடி யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் எம்.எல்.ஏ. அலுவலகம், இல்லாவிட்டால் கொம்யூன் ஆணையர்.

ரோட்டரி கட்சி அரசியலில் தலையிடாது. அது நல்ல விதி. உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள் என்று கேட்பது கட்சி அரசியல் அல்ல. நகரத்துச் சங்கங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். தலைமைப் பண்பு முகாமுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். ஒரு மனு எழுத அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.