உடுக்கை வடிவில் ஒரு சன்னம்

பொல்பிட்டியவிலிருந்து மேலே ஏறினால் தேயிலைத் தொழிற்சாலைகளில் சல்லடைச் சத்தம்தான். ஒரே தோட்டத்துக் கொழுந்து, ஒரே மெஷின். ஆனாலும் நேற்றைய தூளும் இன்றைய தூளும் ஒன்றல்ல என்று ருசி பார்ப்பவரின் நாக்குச் சொல்லிவிடும். போட்டிக்கான எயார் ரைபிள் சன்னத்தைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

உடுக்கை மாதிரி இடை சிறுத்த ஈயத் துண்டு. அரை கிராமுக்குச் சற்றுக் கூட. தலை தட்டை, அதனால் காகிதத்தைப் பிய்க்காமல் வட்டமாக வெட்டி எடுக்கும். அடி குழிவு, காற்று தள்ளும்போது அந்த மெல்லிய விளிம்பு விரிந்து, குழலின் வரிப்பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நசுங்கிவிடும் விளிம்பு அது.

தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மில்லிமீற்றர் என்று தனித்தனி டின்களில் விற்கிறார்கள். இத்தனூண்டு வித்தியாசத்துக்கா இந்தப் பாடு என்று சிரிக்கலாம். ஆனால் 10 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டமே 0.5 மில்லிமீற்றர்தான். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இதைக் குறிபார்த்துத்தான்.

தங்கள் ரைபிளுக்கு எந்த டின் பொருந்தும் என்று பார்க்க, வீரர்கள் அதை இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளப்பார்கள். எடை போட்டுப் பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒரு குழலுக்குப் பிடித்தது பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. தேயிலைத் தூளைப் போலவே சன்னமும் லொட்டுக்கு லொட், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதிக்குத் தொகுதி, மாறும்; பிடித்த லொட் அகப்பட்டால் அதே இலக்க டின்களை மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுவார்கள், தீபாவளி முற்பணம் கிடைத்த வீட்டில் மாவும் சீனியும் அடுக்குவது போல.