சாண்ட் கி ஆங்க்: நரைத்த முடி, நரைக்காத கை

துஷார் ஹிராநந்தானி இயக்கி 2019 தீபாவளிக்கு வந்த ‘சாண்ட் கி ஆங்க்’ இந்திப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். உத்தரப் பிரதேசம் பாக்பத் மாவட்டத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்த்ரோ தோமர், பிரகாஷி தோமர் என்று இரண்டு ஓரகத்திகள். முக்காடு, மாடு, வயல், அடுப்பு என்று வாழ்ந்தவர்கள் 60 வயதைத் தாண்டிய பிறகு துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டு பதக்கம் பதக்கமாக வாங்கினார்கள். உண்மைக் கதை.

படம் நல்லாத்தான் போகுது. வீட்டு ஆண்களின் அதிகாரத்தை எதிர்க்கும் கதையாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. பிரச்சினை வேறு இடத்தில். பாட்டிகளாக நடித்தவர்கள் டாப்ஸி பன்னுவும் பூமி பெட்னேகரும். படம் வந்தபோது ஒருவருக்கு 32 வயது, இன்னொருவருக்கு 30. எங்கள் வயதுக்கான வேடங்களையாவது எங்களுக்குக் கொடுக்கக் கூடாதா என்று நடிகை நீனா குப்தா வெளிப்படையாகவே கேட்டார்.

வயதைக் கூட்டி நடிப்பது நடிப்புக் கலையில் சகஜம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1984-இல் ‘சாராம்ச்’ வந்தபோது அனுபம் கேருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியராக அசத்தினார். ஆனால் அந்தப் படத்தின் பொருள் மகனை இழந்த துக்கம். இந்தப் படத்தின் பொருளே முதிய உடம்பு. அந்த வயதில் கை நடுங்காமல் நிற்குமா என்பதுதான் கதையின் முடிச்சு. அந்தக் கையை மட்டும் மாற்றிவிட்டால் முடிச்சு எங்கே இருக்கு?

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி ஒன்றரை கிலோ வரை இருக்கலாம். ஒரே கையில், நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒருமுறை இல்ல, திரும்பத் திரும்ப. ராத்திரியில் தண்ணீர் நிறைந்த ஜக்கைக் கை நீட்டிப் பிடித்துப் பழகியதாகச் சந்த்ரோ சொல்லியிருக்கிறார். படத்திலும் பயிற்சி இருக்கிறது. ஆனால் பயிற்சி செய்வது 30 வயதுக் கை என்பது நம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் துணிச்சலை மட்டும் ரசிக்கிறோம், தசையை நம்புவதில்லை.

நம்ப ஆதாரம் இருக்கிறது. 1990-இல் மரியா ஃபியாடரோன் குழு ஜாமா இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. பாஸ்டன் முதியோர் காப்பகத்தில் 10 பேர், சராசரி வயது 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி. முடித்தவர்கள் 9 பேர். அவர்களின் தொடைத் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த வயதிலும் தசை பதில் சொல்லும் என்பதைக் காட்டப் போதும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

நம்ம வீடுகளில் நடப்பது நேர் எதிர். 60 ஆனதும், “நீ எதுக்கும்மா தூக்குற, குடு” என்று வாளியை வாங்கிவிடுகிறோம். பாசம்தான். ஆனால் வாளியோடு சேர்த்து தசையும் போகிறது. பிறகு விழுந்துடுவோமோ என்ற பயம் வருகிறது. பயத்தால் நடப்பதும் குறைகிறது. தன்னம்பிக்கை என்பது மேடைப் பேச்சில் வருவதில்லை. நேற்று தூக்கிய எடையை இன்றும் தூக்க முடிவதில் வருகிறது.

முதிய உடம்பால் முடியும் என்று சொல்ல வந்த படமே, ஒரு முதிய உடம்பை நம்பிக் கேமரா முன் நிறுத்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே படத்தில் ‘ஆஸ்மா’ பாடலைப் பாடியவர் ஆஷா போஸ்லே. அப்போது அவருக்கு வயது 86. அந்தக் குரலுக்கு யாரும் மேக்கப் போடவில்லை.