மெழுகு மாதிரியும் மோரியா மலையும்

விறகைச் சுமந்து மோரியா மலையேறும் ஈசாக்கைப் படிக்கும் கிறிஸ்தவருக்குச் சிலுவை சுமந்து கொல்கொதாவுக்குப் போகும் இயேசு நினைவுக்கு வருகிறார். அன்பு மகன், மூன்றாம் நாள், மகனுக்குப் பதிலாகப் பலியாகும் ஆட்டுக்கடா என்று ஆதியாகமத்தின் 22-ஆம் அதிகாரம் முழுவதும் முன்னடையாளமாகவே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் வலிந்து ஏற்றிய கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இவ்வகை வாசிப்பின் வேர் எபிரேய வேதத்துக்குள்ளேயே இருக்கிறது: பாபிலோன் சிறையிருப்பிலிருந்து வரப்போகும் மீட்பைச் சொல்லும் ஏசாயா 43-ஆம் அதிகாரம், கடலைப் பிளந்த பழைய விடுதலையை அச்சாக வைத்தே புதியதைப் பேசுகிறது. கி.பி. 144 வாக்கில், எபிரேய வேதமே வேண்டாம் என்ற மார்சியோன் ரோமாபுரிச் சபையிலிருந்து பிரிந்தபோது, அந்த நூல்களைத் திருச்சபை கைவிடாமல் காத்ததில் இம்முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அதே 2-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறையின் நோயும் தெரிந்துவிட்டது. ஆபிரகாமின் 318 ஊழியர்கள் என்ற எண்ணை, எண்களாகவும் பயன்பட்ட கிரேக்க எழுத்துகளாகப் பிரித்து, அதில் இயேசுவின் பெயரையும் சிலுவையையும் கண்டது பர்னபா நிருபம் என்ற ஆதிக் கிறிஸ்தவ நூல். கதை எபிரேயம், எழுத்தோ கிரேக்கம்! இது வெறும் விபரீதம். சர்தை நகரத்து ஆயர் மெலித்தோ செய்ததுதான் ஆபத்து. சிற்பி முதலில் செய்துகொள்ளும் மெழுகு மாதிரி, சிற்பம் முடிந்ததும் பயனற்றுப்போகும். இஸ்ரவேலின் பஸ்காவும் அப்படித்தான் என்றது அவருடைய பஸ்கா பிரசங்கம். அதே பிரசங்கம் இஸ்ரவேலைக் கடவுளைக் கொன்றவர்கள் என்றும் சாடியது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்தது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். ஒரு மக்களின் கதையை வேலை முடிந்த அச்சு என்று சொல்லிவிட்டால், அந்த மக்களுக்கும் இனி வேலை இல்லை என்று சொல்ல அதிக தூரம் போகவேண்டியதில்லை.

இயேசுவே யோனாவைத் தமக்கு அடையாளமாகச் சொன்னாரே, பவுல் ஆதாமை வரப்போகிறவருக்கு முன்மாதிரி என்றாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒப்பிடுவதில் குற்றம் இல்லை. ஒப்பிட்டபின் பழையதை அழிப்பதில்தான் குற்றம். அதே பவுல் ரோமர் 11-இல், ஒட்டவைக்கப்பட்ட கிளை மற்றக் கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்டக்கூடாது, வேரே அதைச் சுமக்கிறது என்று எச்சரிக்கிறார். யூத மரபும் பழைய கதைகளில் புதுப்பொருள் கண்டதுதானே என்றும் கேட்கலாம். கண்டது, ஆனால் அங்கே ஒரே வசனத்துக்குப் பல ரபிகள் சொன்ன பொருள்கள் அருகருகே நிற்கின்றன, ஒன்றை மற்றொன்று வெளியேற்றுவதில்லை. ஈசாக்கு சாகவில்லை, இயேசுவோ இறந்தார் என்ற பேதத்தை மறைக்காத வாசிப்பே ஏற்கத்தக்கது. பிள்ளையைப் பலி கேட்கும் கட்டளையின் பயங்கரத்தைச் சிலுவையைக் காட்டி அவசரமாக ஆற்றிவிடும் பிரசங்கம், சிலுவையையும் சேர்த்தே மலிவாக்குகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை ஆதியாகமத்தின் இந்த 22-ஆம் அதிகாரத்தைப் பாஸ்கா திருவிழிப்பில் வாசிக்கிறது. யூதர்கள் அதையே தங்கள் புத்தாண்டின் 2-ஆம் நாளில் ஜெப ஆலயத்தில் வாசித்து, ஆட்டுக்கடாவின் கொம்பை இன்றும் ஊதுகிறார்கள்.