நிரப்பிய குழியில் மழைக்கு இடமில்லை

சென்ற மாதம் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம், குறைந்த செலவில் மழைநீர் சேகரிப்பு அமைத்த வீட்டுக்குப் பரிசு கொடுத்தது. பரிசு வாங்கிய அமைப்பை நானும் போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நாலு அங்குலக் குழாய், கேட்டுக்குப் பக்கத்தில் மூன்றடி நீள அகல ஆழத்தில் ஒரு குழி, அதில் கழுத்துவரை கருங்கல் ஜல்லி, அதன்மேல் ஒரு சாண் மணல், எல்லாவற்றுக்கும் மேலே அழகுக்கு வெள்ளைக் கூழாங்கல். ஒரே நாளில் முடிந்த வேலை, செலவு ஐயாயிரத்துக்குள். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தக் குழி வேலை செய்யாது என்று நான் சொன்னேன். சங்கத்துப் பெரியவர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா சார்?"

மேல் இல்லை என்பதுதான் என் கட்சி.

மழைநீர் சேகரிப்பையே நான் எதிர்ப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2003-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னைக் கிணறுகள் பலவற்றில் நீர்மட்டம் ஏறியது. 2005-இன் பெருமழைக்கு அதில் பங்கு உண்டென்றாலும் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் போன்றவர்கள் விடாமல் சொல்லிவந்திருக்காவிட்டால், மாடித் தண்ணீர் தெருவுக்குப் போகிறதே என்று நம்மில் பலர் வருந்தியிருக்கவே மாட்டோம். செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. திறந்த கிணறு உள்ள வீட்டில் மாடிக் குழாயை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பினால் போதும், அதைவிட மலிவான வழி கிடையாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையை வடிகட்டி சம்ப்பில் பிடிப்பவர்களும் நன்றாகவே செய்கிறார்கள். என் சண்டை ஜல்லியோடுதான்.

குழி எதற்காக வெட்டுகிறோம்? பெய்கிற வேகத்துக்கு மண் தண்ணீரைக் குடிக்காது. குடித்து முடிக்கும்வரை தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் இடத்துக்குப் பெயர்தான் குழி. மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் கல்லைக் கொட்டி நிரப்பினால் நாம் வெட்டியது எதற்கு?

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் 50 மில்லிமீட்டர் மழை சென்னைக்குப் புதிதல்ல, ஒரே ராத்திரியில் கொட்டிவிடும். அந்த ஒரு மழையில் மாடியில் விழுவது 4,650 லிட்டர். சிதறியது, தளம் உறிஞ்சியது எல்லாம் போக 4,000 லிட்டராவது குழாயில் இறங்கும். மூன்றடிக் குழியின் கொள்ளளவு 765 லிட்டர். ஜல்லி நிரப்பியபின் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மிஞ்சுவது அதில் பத்தில் நாலு பங்கு, அதாவது சுமார் 300 லிட்டர். மணல் அடுக்கைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

மிச்சத்தை மண் குடித்துவிடும் என்பார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் ஓரளவு குடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். களிமண் வேறு. அதில் தண்ணீர் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். தாராளமாக ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். குழியின் அடியும் நாலு பக்கமும் சேர்ந்து உறிஞ்சினாலும் மணிக்குச் சுமார் இருபது லிட்டர்தான். வாசலில் 4,000 லிட்டர் வந்து நிற்கும்போது நாம் திறந்து வைத்திருப்பது மணிக்கு இருபது லிட்டர் குடிக்கும் வாய். மீதி எல்லாம் கேட்டுக்கு அடியில் வழிந்து தெருவுக்கு வருகிறது. குழியே இல்லாத வீட்டுத் தண்ணீரும் அதே தெருவில்தான் ஓடுகிறது.

இதுவும் குழி புதிதாக இருக்கும்போது. பழையதானால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் போர்வெல் காற்றை இழுத்தது. 2003-இல் சட்டத்துக்காகக் கட்டிய குழியைத் திறந்து பார்ப்போம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். மேல் மணல் கறுத்து இறுகி, கடப்பாரை பட்டதும் வறட்டி மாதிரி வில்லை வில்லையாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே ஜல்லி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பதினாறு வருஷத்து மாடித் தூசி, சுண்ணாம்புப் பொடி, காக்கை எச்சம், மக்கிய வேப்பிலை எல்லாம் சேர்ந்து கல்லின் இடுக்குகளைப் பூசி அடைத்திருந்தன. இரண்டடிக்குக் கீழே பக்கத்துப் புங்க மரத்தின் வேர் வலையாகப் பின்னியிருந்தது. அடி மண்ணைக் கையில் அள்ளினேன். தண்ணீர் வந்து போன தடமே அதில் தெரியவில்லை.

"இதை எப்ப சார் கடைசியா சுத்தம் பண்ணீங்க?" என்று கேட்டார் கொத்தனார். ஒரு தடவைகூடச் செய்யவில்லை. சோம்பலும் காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அந்த அமைப்பே. அந்தக் குழிக்கு மூடி கிடையாது, உள்ளே எட்டிப் பார்க்க வழி கிடையாது. சுத்தம் செய்ய வேண்டுமானால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஜல்லியை வெளியே அள்ளி, அலசி, மறுபடி உள்ளே போட வேண்டும். இரண்டு ஆள் கூலியும் புது மணலும் சேர்ந்தால் குழி கட்டிய செலவை நெருங்கிவிடும். எந்த வீட்டில் இதை வருஷா வருஷம் செய்வார்கள்? சுத்தம் செய்யவே முடியாதபடி கட்டிவிட்டு, கட்டிய அன்றைய செலவை மட்டும் எண்ணி மலிவு என்கிறோம்.

ஜல்லிக்கு ஆதரவாக மூன்று காரணம் சொல்வார்கள். அது தண்ணீரை வடிகட்டுமாம். வடிகட்டுவதானால் குழாய்க்கும் குழிக்கும் நடுவில் திறந்து கழுவக்கூடிய சின்னத் தொட்டியில் வடிகட்டுங்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலேயே அழுக்கையும் பிடித்து வைப்பது என்ன முறை? அடுத்து, குழி சரியாமல் ஜல்லி தாங்கிக்கொள்ளுமாம். அதற்குத்தான் சிமெண்ட் உறை இருக்கிறது. நம் ஊரில் உறைக்கிணறு இறக்கத் தெரிந்தவர்களுக்கு எப்போது பஞ்சம் வந்தது? மூன்றாவது, குழந்தை விழாது, கொசு வராது என்பது. பொருத்தமான கான்கிரீட் மூடி இந்த இரண்டையும் தடுக்கும். இந்த மூன்று காரணத்தில் ஒன்றுகூடக் குழியை நிரப்பச் சொல்லவில்லை. ஆனாலும் கூழாங்கல்லும் செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் அடுக்கிக் காட்டும் பழைய வரைபடம் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு கொத்தனார் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நிரப்பியவர்கள் யாரும் திரும்பித் தோண்டிப் பார்க்காததால் அது பிழை என்று தெரியவரவே இல்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஒன்றுமே இல்லாத வீட்டுக்காரருக்குத் தன் வீட்டில் ஒன்றும் இல்லை என்பதாவது தெரியும். ஒவ்வொரு மழைக்கும் மாடித் தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்த்து, என்றாவது ஒருநாள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பார். ஜல்லிக்குழி வைத்தவருக்கு அந்த நினைப்பே வராது. கடமை முடிந்தது என்று இருப்பார், நான் பதினாறு வருஷம் இருந்ததைப்போல. கணக்கெடுக்க வருபவரும் குழி உண்டு என்று குறித்துக்கொண்டு போவார். தாளில் நகரம் முழுக்க மழைநீர் சேகரிப்பு இருக்கும், கோடை வந்தால் டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நிற்போம். இல்லாததைவிட இது மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏரி வெட்டி வாழ்ந்த ஊர் நம்முடையது. வெட்டிய ஏரி தூர்ந்துபோகும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும். அதனால்தான் தூர் வாருதல் என்ற சொல் நம்மிடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கிறது. ஏரியைக் கட்டியதோடு விடாமல், அதைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு ஒரு குழுவை உட்கார வைத்தவர்கள் அவர்கள். ஓர் ஊர் ஏரிக்குச் செய்ததை ஒரு வீட்டுக் குழிக்கு நாம் செய்ய வேண்டாமா? ஆனால் தூர் வாருவதற்கு உள்ளே இடம் வேண்டும். கல்லால் நிரப்பிய ஏரியை எந்த வாரியமும் வாரியிருக்க முடியாது.

எங்கள் வீட்டுக் குழியிலிருந்து அந்த ஜல்லியை அள்ளிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை பதினைந்தடி இறக்கினோம். மூன்றடி விட்டத்தில் சிமெண்ட் உறை, முன்னால் ஒரு வண்டல் தொட்டி, மேலே தூக்கித் திறக்கும் மூடி. உள்ளே எதையும் போடவில்லை. அந்த வெறும் இடத்தில் 3,000 லிட்டருக்கு மேல் நிற்கும். பரிசு வாங்கிய குழியைவிடச் செலவு பல மடங்கு, மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் மூடியைத் தூக்கி, தொட்டியில் படிந்ததை ஒரு வாளியில் அள்ளிவிட முடிகிறது. அரை மணி நேர வேலை. மழை நின்ற மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் உறையில் தெரிகிறது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த பரிசைக் கட்டிய வருஷமே கொடுக்காதீர்கள். மூன்று மழைக்காலம் போகட்டும். பிறகு எல்லோருமாகப் போய் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டுக் கொடுங்கள். திறந்து பார்க்க மூடியே இல்லாத குழியைப் போட்டியில் சேர்க்காதீர்கள்.