சரக்குச் சுமை யார் தலையில்?

2019 ஆகஸ்டில் இந்தியாவின் பயணியர் வாகன விற்பனை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 31.57 சதவீதம் சரிந்தது. மே முதல் ஜூலை வரையிலான மூன்று மாதங்களில் ஷோரூம்களில் மட்டும் சுமார் 2 லட்சம் பேர் வேலை இழந்ததாக டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா கணக்குச் சொன்னது. மந்தம் வந்தால் தொழிற்சாலைக்கு முன்பே ஷோரூம் சாய்வது ஏன்?

அந்தச் செப்டம்பரில் சென்னைக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இளைஞர்கள் ஓலா, ஊபரை நாடுவதையும் ஒரு காரணமாகச் சொன்னார். இது நிற்காத வாதம். கார் மட்டுமல்ல, லாரி விற்பனையும் படுத்தது. லாரி வாங்குகிறவர் ஓலாவில் சரக்கு ஏற்றுவதில்லை.

கடன் வறண்டது என்ற வாதத்தில் வலு அதிகம். 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடன் தவணை தவறியதும் மற்ற நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின. பைக் விற்பனையோ பெரிதும் அவற்றை நம்பி ஓடுவது. அதே மாதம் காருக்கு 3 ஆண்டு, பைக்குக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றானதில் ஆன்ரோடு விலையும் ஏறியது. வண்டி ஆலைகளுக்கு அருகிலுள்ள மணிமங்கலம் போன்ற ஊரில் அடி இரட்டிப்பு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிற கைகளே இங்கே வண்டி வாங்கும் கைகளும். ஆலையில் ஷிப்ட் குறைந்தால் ஓ.டி. பணம் நிற்கும், காண்ட்ராக்ட் தொழிலாளியின் பைக் கனவு தள்ளிப்போகும்.

இதெல்லாம் விற்பனை குறைந்ததற்கு விளக்கம். ஷோரூமுக்குப் பூட்டு விழுந்ததற்கு இது போதாது. வண்டி ஆலையை விட்டு டீலருக்குக் கிளம்பியதுமே கம்பெனி அதை விற்பனை என்று எழுதிக்கொள்கிறது. டீலர் அதற்கு வங்கிக் கடனில் பணம் கட்டுகிறார். வாடிக்கையாளர் வரும்வரை வட்டி அவருடையது. வாடகையும் சம்பளமும் காத்திருக்காது. மெலிந்த லாபத்திலிருந்தே தள்ளுபடியும் போக வேண்டும். மேலே சொன்ன 31.57 சதவீதமும் டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் கணக்குதான். வாடிக்கையாளர் கைக்குப் போன வண்டிகள் அந்த மாதம் அவ்வளவு குறையவில்லை. ஆக, டீலரின் யார்டு நிரம்பி வழிந்த பிறகுதான் ஆலைகள் அனுப்புவதைக் குறைத்திருக்கின்றன.

டீலர்கள் குற்றமற்றவர்கள் அல்லர். நல்ல காலத்தில் இன்சென்டிவுக்காக டார்கெட்டை ஏற்றதும், கடன் வாங்கிக் கிளை திறந்ததும் அவர்கள்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லும் பலம் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகர் ஆலையோடு டீலர்களின் முதலீடும் அந்தரத்தில் நின்றது.

மந்தம் வாங்குபவரைக் குறைக்கிறது. ஷோரூமை மூடவைப்பது, நட்டத்தைக் கீழே தள்ளும் இந்த ஏற்பாடு. கையிருப்பு 21 நாள் விற்பனைக்கு மேல் போகக் கூடாது என்று ஃபாடா கேட்பது நியாயம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதவைக்கவும், கம்பெனி வெளியேறினால் டீலருக்கு ஈடு கிடைக்கவும் தனிச் சட்டம் வேண்டும். அது வராதவரை, அடுத்த மந்தத்திலும் முதல் பூட்டு ஷோரூமுக்குத்தான்.